நீச்சல் வகுப்புக்குப் பிறகு

பள்ளியிலிருந்து அழைத்தபோது
பன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"அவசரம் ஒன்றுமில்லை, கொஞ்சம் வரமுடியுமா?"
அப்படிக் கேட்டால் அவசரம்தான்.
முழங்கை மாவைக்கூடத் தட்டாமல்
சுவா சூ காங்கில் பேருந்து ஏறினேன்.

ஆலோசகர் திருமதி கோ
டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.
நான் இன்னும் அழவே இல்லை.
குளத்தங்கரையில் சட்டையைக் கழற்றியபோது
பயிற்றுநர் பார்த்தாராம்:
முதுகின் குறுக்கே, இடுப்புக்குச் சற்று மேலே,
ஒன்றன்கீழ் ஒன்றாகச் செவ்வரிகள்.

"வீட்டில் பிரம்பு இருக்கிறதா?"
இருக்கிறது.
சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி,
மாமா கடையில் துடைப்பங்களோடு தொங்கும் வகை.
குளிர்பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது.
"அடித்ததுண்டா?"
"இல்லை" என்றேன்.
அந்த இல்லைக்குப் பிறகு வருகிறேன்.

திகழனுக்குப் பதினைந்து.
ஜனவரியில் வாங்கிய காற்சட்டை
ஆகஸ்டில் கணுக்காலைக் காட்டிக்கொடுத்தது.
ஓராண்டில் பதின்மூன்று சென்டிமீட்டர்.
இரவில் முழங்கால் வலிக்கிறது என்பான்,
எழுந்து பாதி ரொட்டிப் பொட்டலத்தை முடித்துவிட்டுப் படுப்பான்.

பலதுறை மருந்தகத்தில் இரண்டு மணிநேரம்.
டாக்டர் நூருல் விரலால் தடவினார், அழுத்தினார்.
"வலிக்குதா?"
"இல்ல. முன்னாடி அரிச்சுது."
ஜிம்முக்குப் போகிறாயா, படைக்கு வாங்கிய களிம்பு ஏதும்
மாதக்கணக்கில் தேய்த்தாயா?
எல்லாவற்றுக்கும் தலையாட்டல்.

"அடியென்றால் கன்றும், பச்சையாகும், மஞ்சளாகும், போய்விடும்.
இது வெளியிலிருந்து வந்ததில்லை.
எலும்பு ஓடுது, தோல் துரத்துது,
நடுவில் இருந்த நார் அறுந்துபோச்சு.
வேகமா வளர்ற பையன்களுக்கு இப்படித்தான், குறுக்கே விழும்."

களிம்பு?
"ஈரப்பசைக்கு, அரிப்புக்கு. கோட்டை அழிக்காது."
லேசர்?
"சிவப்பா இருக்கும்போது கொஞ்சம் பேச்சைக் கேட்கும்.
முழுசாப் போகாது. இவனுக்கு வேண்டாம். வெளுக்கட்டும்."
பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார்.
காயத்தால் ஏற்பட்டதல்ல, கீழே முத்திரை.

மின்தூக்கியில் கேட்டான்,
"இது பொண்ணுங்களுக்குத்தானம்மா வரும்?"
எனக்கு வந்த கதையை அவன் அறியான்.
கோக்கோ வெண்ணெய் டப்பாக்கள்
குளியலறையில் அணிவகுத்து நின்ற காலம்.
புகிஸில் லேசர், ஆறு தடவைக்குச் சேர்த்துக் கட்டிய பணம்,
மூன்றாம் தடவையில் கோடு அப்படியே இருக்க
பக்கத்தில் இரண்டு கருந்திட்டுகள் புதிதாய் வந்தன.
"உங்க கலருக்குக் கொஞ்சம் பார்த்து அடிக்கணும்" என்றாள் அந்தப் பெண்,
அடித்த பிறகு.
நான்காம் தடவைக்குப் போகவே இல்லை.

சமையலறையில் சட்டை ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன்.
மீன்தோல் போல மினுங்கும் வெள்ளை.
"இதெல்லாம் நீ."
"ஐயோ அம்மா!" என்று
குளிர்பெட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

குளிர்பெட்டி.
அவனுக்கு ஒன்பது வயது.
எழுத்துக்கூட்டல் தாளைக் காலணி அலமாரியில் ஒளித்திருந்தான்.
அன்று கடையில் எனக்கும் ஏச்சு.
ஒரே ஒரு வீச்சு, கெண்டைக்காலில்.
சிவந்தது, தடித்தது,
மூன்றாம் நாள் தேடினால் இல்லை.
அதற்கு யாரும் என்னை அழைக்கவில்லை,
பெட்டியை நகர்த்தவில்லை, கடிதம் கேட்கவில்லை.
அது எவ்வளவு கோணலாக விழுந்தது என்று
எனக்கு நினைவிருக்கிறது.
அடிக்கும் கைக்கு
இவ்வளவு நேராகக் கோடு போட வராது, திருமதி கோ.

இரவு குளித்துவிட்டு வந்து
"எனக்கு எட்டலம்மா" என்று முதுகைத் திருப்புகிறான்.
இப்போது அவன் குனிய வேண்டியிருக்கிறது.
லோஷன் குளிர்கிறது, நெளிகிறான்.
ஒன்று, இரண்டு,
மெல்லிய பள்ளம் விரலுக்குத் தெரிகிறது,
ஆறு, ஏழு.
என் கண் கீழே இறங்கி
வழவழவென்றிருக்கும் கெண்டைக்காலில் நிற்கிறது.

"என்னம்மா, முடிஞ்சுதா?"
இன்னும் கொஞ்சம், திகழா,
அசையாமல் நில்.