மைனஸ் மூன்று

நீலத் தட்டு என்னிடம் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டது.
கை வலுவில்லாதவள் வீசினாலும்
கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து,
மறுபடி நேருக்கு வந்து
புல்லில் மெதுவாக உட்காரும்.
நான்தான் அப்படி வீசினேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஏழாம் பாதை எனக்கு.
ஃபாஸ்டாக்கில் பணமில்லாதவர்கள் மட்டும்
கண்ணாடியை இறக்குகிறார்கள்.
மீதி நேரமெல்லாம்
தடுப்புக்கட்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி
மேசைக்கடியில் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருப்பேன்.
இரவு ஷிப்ட் முடிந்தால் ஸ்கூட்டியில் பன்னிரண்டு நிமிடம்.
மூடிப்போன கிரானைட் குவாரி, அதை ஒட்டி மாந்தோப்பு,
ஒன்பது கூடைகள்.
சைக்கிள் ரிம்மில் மாட்டுச் சங்கிலி தொங்கவிட்டு
இம்தியாஸ் வெல்டிங் வைத்தது.
காய் பிடிக்கும் மாதங்களில் தோப்புக்காரர் விடமாட்டார்.
மற்ற மாதங்களில் அவருக்கு நாங்கள் பைத்தியங்கள், அவ்வளவுதான்.

ஆடியில் நீலம் மாறியது.
வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது,
திரும்பவில்லை.
விளிம்பால் தரையைத் தொட்டு
சக்கரம்போல் உருண்டு
குவாரிக் குழியின் ஓரம்வரை ஓடி நின்றது.
காற்று, என்றேன்.
எதிர்க்காற்றில் எந்தத் தட்டும் அப்படித்தான், என்றான் இம்தியாஸ்
எனக்குச் சாட்சி சொல்ல வந்தவன்போல.
ஐப்பசியில், இலை அசையாத ஒரு காலை,
அப்போதும் உருண்டது.

வீச்சு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.
சம்பளம் கூடி வந்த மாதம்
கணக்கில் ஏதோ பிழை என்று
அலுவலகத்துக்குப் போன் போட்டவள் நான்.
மெதுவாக வீசிப் பார்த்தேன்.
பாதிக் கையில், மூச்சைப் பிடித்து,
நீலத்தின் மனம் நோகாமல்.
அழகாகப் போனது,
ஐம்பது அடி குறைவாக.

அன்று மதியம் தூக்கம் வராமல்
தட்டின்மேல் அச்சடித்த நாலு எண்களை வாசித்தேன்.
வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு.
பணம் எண்ணுகிற வேலையில் இருந்துகொண்டு
இவ்வளவு நாள் இதை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.
திருப்பம்: மைனஸ் மூன்று.
மெல்லிய கைக்கென்றே புரளத் தயாராகச் செய்தது.
செய்த நாளில் எப்படியோ அப்படியேதான் இருக்கிறது.
நடுவில் வேகம் கூடியவள் நான்.

ஓசூர் திம்மக்கா மூன்று தட்டு கொண்டுவந்தாள்.
பூஜ்யம் போட்ட சிவப்பை மட்டும் தொடாதே என்றாள்.
தொட்டேன்.
நாற்பது தப்படியில் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு
கற்றாழைக்குள் இறங்கியது,
கடன் கேட்கப் போன வீட்டில்
கதவைச் சாத்தின மாதிரி.
திம்மக்கா ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பதற்குத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஆரஞ்சு. மைனஸ் ஒன்று.
அதுவும் முதல் வாரம் முறைத்தது.
இடுப்பு, தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டு,
எல்லாம் வரிசையில் வந்தாக வேண்டும்,
சில்லறை பாக்கி வைக்க முடியாது.
ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் அலுப்போடு,
ஒன்றையும் மிச்சம் பிடிக்காமல் வீசிவிட்டேன்.
மாமர வரிசைக்கு நடுவே
துணியில் கத்தரி ஓடுவதுபோல் போனது.
கடைசியில் மட்டும் ஒரு சின்ன இடச்சாய்வு.
சங்கிலி சத்தத்தில் ஒரு கீரி ஓடியது.
இம்தியாஸ் வாயில் வைத்த பன் அப்படியே இருந்தது.

நீலத்தை என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்.
பையில்தான் இருக்கிறது.
ஆரஞ்சும் பாறையில் பட்டுப் பட்டு
விளிம்பு மழுங்கிக்கொண்டிருக்கிறது.
அச்சடித்த எண் மாறாது, தட்டு மாறும்;
இன்னும் ஒரு வருடத்தில் அதுவும் வலப்பக்கம் புரளப் பழகிவிடும்.
அப்போது சிவப்பை மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாம் கூடைக்குப் போகும் வழி
புளியமரத்தைச் சுற்றி வலப்பக்கம் வளைகிறது.
அங்கே நீலத்தை எடுக்கிறேன்.
முழுக் கையால்.
புரளட்டும்.