ரேடியம் கட்டிங்

செக்காலை ரோட்டில் என் கடை.
பலகையில் 'ஜியா ரேடியம்ஸ்.'
பன்மையில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

லாரிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு,
பக்கவாட்டில் மஞ்சள். அது சட்டம்.
சட்டத்தில் இல்லாததும் வரும்.
மட்கார்டில் இறந்துபோன தம்பியின் பெயர்,
ரோட்டில் படுக்கும் மாட்டின் கொம்புக்கு இரண்டு சுற்று.
கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்
வீட்டின் நாற்பது சுவிட்சுக்கும்
அரிசி அளவில் பொட்டு வாங்கிப் போனார்.
கரண்டு போனபோது ஒன்றுகூடத் தெரியவில்லை என்று
மறுநாள் வந்து சண்டை.

தை பிறந்தால் பழனிக்கு நடப்பவர்கள்.
பைக்கு ஒரு வேல், முதுகுக்கு ஒரு பட்டை.
அந்தக் கூட்டத்தில்தான் சிகப்பி டீச்சர்.
பிளஸ் டூ கெமிஸ்ட்ரி.
தலையில் முடி அரை அங்குலம் முளைத்திருந்தது.

"இதுல ரேடியம் ஒரு துளி கிடையாது, தெரியுமா?
இருந்தா இத்தனை வருஷம்
நீங்க கடை வச்சிருக்க மாட்டீங்க."

லத்தீனில் கதிர் என்று அர்த்தமாம்.
கதிர் என்றால் எங்களுக்கு நெல்லும்தான் என்றேன்.
சிரித்தார்.
"அது யார் வெளிச்சத்துக்கும் காத்திருக்காது.
ஆயிரத்து அறுநூறு வருஷம் போனாலும்
பாதி மிச்சம் இருக்கும்."
என் சரக்கு
இரண்டு மழைக்கே ஓரம் தூக்கும்.

மதுரையில் முப்பது நாள் கதிர் வைத்தார்களாம்.
வீட்டில் அதைக் கரண்டு என்றார்கள்,
பக்கத்துக் கட்டில்காரி ரேடியம் என்றாள்.
"அதுலயும் ரேடியம் இல்ல.
பேரு மட்டும் எல்லா எடத்துலயும் வேலை பாக்குது."

பலகையை மாத்திடவா டீச்சர்?
"வேணாம். அந்த 'ஸ்' மட்டும் எடுத்துடுங்க."

வேல் வேண்டாம் என்றார்.
எண்பத்தெட்டு, சாண் உயரத்தில்.
வண்டி நம்பரா?
"அதோட நம்பர்."
மீதிச் சில்லறையை வாங்க மறந்து போனார்.

நாலு நாள் கழித்து
பிள்ளையார்பட்டியில் ஒரு டிராக்டருக்கு ஒட்ட வேண்டியிருந்தது,
விடியுமுன்னே கிளம்பினேன்.
குன்றக்குடி தாண்டி, ரோட்டோரமாய்
ஹெட்லைட் பட்டு எரிந்தன
வேல், வேல், மயில், வேல்,
எண்பத்தெட்டு.

லைட்டை டிம் செய்து ஒதுங்கிப் போனேன்.
கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன்.
வெறும் இருட்டு.
அதற்குள்தான் நடந்து வருகிறார்.