ஏழாவது இடுக்கி

ஹட்டன் ஸ்டேஷனுக்கு மேலே, பேக்கரி மாடியில்
ஷொக்மன் நோனாவின் கடை.
அங்கே கூட்டுகிற ஆள் நான்.
விழுந்த மயிரெல்லாம் என் கணக்கு:
வெள்ளை, செம்பட்டை, எண்ணெய் காணாத கறுப்பு.

மூலையில் அந்த மிஷின் நின்றது.
ஒற்றைக் கால். உச்சியில் ஒரு வளையம்.
வளையத்திலிருந்து தொங்கும் இருபத்திரண்டு வயர்,
வயருக்கு ஓர் இரும்பு இடுக்கி.
சீமைக்குக் கப்பலேறிய துரைசாணி ஒருத்தி
விற்றுவிட்டுப் போனதாம்.
முதல் நாள் பார்த்தபோது
மழைக்கு ஒதுங்கிய ஏதோ பிராணி என்று
விளக்குமாறை ஓங்கினேன்.

கண்ணாடிக் கதவில் எழுதியிருந்ததைக் கேட்டேன்.
பெர்மனன்ட் என்றால் என்ன நோனா?
"எப்பவும் இருக்கிறது."
எப்பவும் என்றால் எத்தனை நாள்?
"ஆறு மாசம்" என்றாள். சன்னலைப் பார்த்தாள்.
"இந்த மழைக்கு நாலு."

சித்திரைக்கு முந்தின கிழமை மிஷின் செத்துப்போனது.
வயரிங் பாஸ் சோமபால வந்து
வயிற்றைத் திறந்தான், ஊதினான், முறுக்கினான்.
"இப்ப சரி. பார்க்க ஒரு தலை வேணும்."
நோனா என்னைப் பார்த்தாள்.
நான் பின்னலை அவிழ்த்தேன்.

பிடிபிடியாக இழுத்து, மருந்தில் நனைத்து,
நுனியிலிருந்து வேர் வரை குச்சியில் சுற்றி,
தோல் வேகாதிருக்க அடியில் கம்பளித் துண்டு வைத்து
இடுக்கியைக் கவ்வவிட்டாள் நோனா.
மாட்டுப்பட்டி நாற்றம், தீய்ந்த இறகு நாற்றம்.
இரண்டு வருஷம் கூடைக் கயிறு அழுத்திய தலைதான்.
ஆனாலும் கயிற்றுக்கு நெற்றி போதும்,
இது உச்சி முழுக்கக் கேட்டது.

சுவிட்ச்.

எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் போகிறது
லக்சபான கம்பி.
ராத்திரி மழையோடு சேர்ந்து முனகும்.
ஒருநாளும் கீழே இறங்கினதில்லை.
அன்றைக்கு இறங்கியது,
நேராக என் தலையில்.

பத்து நிமிஷம். நோனா மணிக்கூட்டைப் பார்த்தாள்.
ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, உருட்டி, சூட்டில் விடுவார்களே,
அதே வரிசை.
சுருண்ட இலை என்ன நினைக்கும் என்று
யாரும் கேட்டதில்லை.
நான் நினைத்தது, இந்தக் கரண்டுக்குக்
காசு என் சம்பளத்தில் பிடிப்பாளோ என்று.

அவிழ்த்தபோது இருபத்தொரு சுருள்.
இடது காதோரம் ஒரு கொத்து மட்டும்
நனைந்து, நேராக.
ஏழாவது இடுக்கி சூடாகவே இல்லை.
பாஸ் தலையைச் சொறிந்தான். தன் தலையை.

பீலிக்கரையில் அண்ணி குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
கங்காணி மகன் சைக்கிளோடு கானுக்குள் சரிந்தான்.

அந்தக் கிழமைதான் மனுவுக்குப் படம் பிடிக்க வந்தான்
நாவலப்பிட்டி ஸ்டூடியோக்காரன்.
இந்தியாவா இலங்கையா,
எதுவானாலும் ஆளுக்கு மூன்று படம்.
ஸ்டோர் சுவரில் வெள்ளை வேட்டியை ஆணியடித்து
அதன் முன்னால் ஒவ்வொருத்தராக உட்கார வைத்தான்.

கந்தோரில் கூப்பிட்டது அடுத்த தையில்.
சுருளெல்லாம் எப்போதோ போய்விட்டது.
மேசைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பேர்?"
பெரியண்ணன் மகள் அங்கம்மா.
"இது யார்?"
அதுவும்.
"இந்தத் தலை?"
அது பெர்மனன்ட், ஐயா.
பக்கத்து மேசை சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.
குனிந்து விரலால் காட்டினேன்:
காதோரம் நேராக விழுந்த அந்தக் கொத்து.
இது மட்டும் அன்றைக்கும் இப்படித்தான், பாருங்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார்.
மனுவில் ஒரு கட்டத்தில் விரல் வைத்து வாசித்தார்:
"நிரந்தர வதிவு."
எத்தனை மாசம் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.
"போங்க. கடிதம் வரும்."

மூன்று மணி பஸ்ஸில் கடைக்குத் திரும்பினேன்.
வங்கி மானேஜர் மனைவி மிஷினுக்குக் கீழே
கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
சுற்றிலும் கூட்டினேன்.
போகிற போக்கில் ஏழாவது இடுக்கியைத் தொட்டேன்.
பீலித் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.
நோனாவிடம் சொல்லவில்லை.