இரண்டு மதிப்பெண் கழிவு

லியெபாயாவில் காற்று கதவைத் தட்டிக் கேட்டு நுழைவதில்லை.
துறைமுகத்தோரப் பழைய கிடங்கின் மேல்மாடியில்
ரேடியேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
மூன்று நடுவர்கள், நூற்று அறுபத்திரண்டு படைப்புகள்,
ஒன்றுக்கு நான்கு நிமிடம்.
கறுப்பு ரொட்டி, ஆறிய காப்பி.

ஓயார்ஸ் எண்களின் ஆள்.
புதுமைக்குப் பத்து, தொழில்நுட்பத்துக்குப் பத்து,
மீன் நிறுப்பவரைப் போல
விரல் தட்டில் படாமல் நிறுப்பார்.
விஸ்மாவுக்கு முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்;
மீதி நேரமெல்லாம் அதற்குக் காரணம் தேடுவாள்.
நான் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன்.
நடுவில் இருப்பதுதான் நடுநிலை என்று
அன்று மாலை வரை நம்பியிருந்தேன்.

தள்ளினால் விரியும் மலை,
தொட்டால் உடையும் கண்ணாடி,
வங்கிச் செயலியில் கண்ணடிக்கும் நரி.
நரி நன்றாகத்தான் இருந்தது.
வாலின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே ஆடியது.
அதற்காக யாரோ பல இரவுகள் தூங்கவில்லை.

பிறகு நூற்று நாற்பத்தேழு.
ராய்டிஸ் வீத்தொல்ஸ், லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
நிறுவனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
குழுவினர் என்ற கட்டத்தில் "நான்".
நுழைவுக் கட்டணம் எண்பது யூரோ,
இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார்.

திரையில் ஒரு லிஃப்ட். அவ்வளவுதான்.
ஒன்பது மாடிக் குடியிருப்பு, தேய்ந்த பொத்தான்கள்,
மூன்றாம் எண்ணை யாரோ சிகரெட்டால் சுட்டிருக்கிறார்கள்.
ஒரு தளத்தை அழுத்தினால்
அங்கே எப்போதோ அவசர மணியைத்
தவறி அழுத்தியவரின் குரல்:

"ஐயோ, மன்னியுங்கள், பை பட்டுவிட்டது."
"அம்மா, இதுக்குள்ளே ஒரு மாமா பேசுகிறார்."
"ஒன்றுமில்லை. மணி என்ன?"
"ராத்திரி முழுக்க நீங்கள் அங்கேதான் இருப்பீர்களா?"

ஏழை அழுத்தினேன்.
மோட்டாரின் உறுமல். குரல் இல்லை.
மறுபடி அழுத்தினேன்.
பதினொரு விநாடி, வெறும் மோட்டார்.
"ஒலிக்கோப்பு விடுபட்டிருக்கிறது" என்றார் ஓயார்ஸ்.
"சோதிக்காமலே அனுப்பிவிட்டார்" என்றாள் விஸ்மா.
தொழில்நுட்பத்தில் இரண்டைக் கழித்தேன்.
எதுவும் உறுத்தவில்லை.
பசித்தது.

நள்ளிரவில் மதிப்பெண் பலகை பூட்டிக்கொண்டது.
தோற்றவர்களுக்கு நான்கு வரி எழுதும் வேலை எனக்கு.
காலையில் அதற்காகத்தான் இணைப்புகளைத் திறந்தேன்.
முப்பத்திரண்டு அனுமதிக் கடிதங்கள்,
எல்லாம் பேனாவால்.
லிஃப்டுக்குக் கயிறு மாற்றிய வாரம்,
படியேறித்தான் வாங்கியிருக்கிறார்.
ஒன்றில் காப்பிக் கறை. ஒன்றில் குழந்தை வரைந்த நாய்.
கடைசித் தாளில் கையெழுத்து இல்லை.

"ஏழாம் தளம், வீடு நாற்பத்துமூன்று.
வீடு மாறிப் போய்விட்டார்,
எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
கேட்காமல் எடுக்கக் கூடாது.
அவர் பேசியது பதினொரு விநாடி.
அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்."

அப்படியே விட்டிருக்கிறேன்.

ஓயார்ஸைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
விதி பதினான்கைப் படித்துக் காட்டினார்:
பூட்டியபின் திருத்தம் இல்லை.
பிறகு அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இரண்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால்?
மூன்று முறை கணக்குப் போட்டேன்.
மூன்று முறையும் நரி.

பரிசு இரவு, ஹோட்டல் லிஃப்டின் முன்னால்
சாம்பல் ஸ்வெட்டரில் ஒருவர்,
பெயர் அட்டை தலைகீழாகத் தொங்கியது.
தலைகீழாகவே படித்தேன்.
"நல்ல முயற்சி" என்றேன்,
எந்தக் காலுக்கும் பொருந்தும் செருப்பு.
நன்றி சொன்னார்.
"ஏழாம் தளத்தை அழுத்தினீர்களா?"
"அழுத்தினேன்."
"முழுதாகக் கேட்டீர்களா?"
"இரண்டு முறை."
அது பொய்யில்லை.
அந்த முகம் மலர்ந்ததை
நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உள்ளே போனோம்.
கதவு மூடும்போது தலை சாய்த்துக் கேட்டார்.
"ஒன்றரை விநாடி பிந்துகிறது.
கீழே சொல்லிவிடுங்கள்,
நான் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்."

ஐந்தில் இறங்கி, படி வழியாக வந்து
வரவேற்பு மேசையில் சொன்னேன்.
எத்தனை விநாடி என்று கேட்டார்கள்.
ஒன்றரை என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.