ஐந்து புள்ளி எட்டு

ஆயர் ஈத்தாம் பசாரில் மீன்காரர் தூக்கிப்போட்ட
தெர்மோகோல் பெட்டி.
மூன்று முறை கழுவியும் கானாங்கெளுத்தி வாடை போகவில்லை.
பாசி பிடிக்காமலிருக்கச் சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக்.
மூடியில் பதினொரு துளை;
ஒன்பதில் புதினாத் தண்டு,
கடைசி இரண்டில் வெற்றிலை.

குளோரின் போகட்டும் என்று
குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைப்பேன்.
பிறகு ஏ பாட்டிலில் ஒரு மூடி, கலக்கி,
அப்புறம்தான் பி.
இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் சுண்ணாம்பாய்த் திரியும்.
கடைசியில் அமிலம், துளித்துளியாய்,
மீட்டரில் ஐந்து புள்ளி எட்டு வரும்வரை.

வேலையிலும் எனக்கு இதுதான்.
பாயான் லெப்பாஸில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்
விடிய விடியத் தூசி எண்ணுகிறேன்.
சம்பளத்துக்கு எண்ணுவது வேறு,
புதினாவுக்கு எண்ணுவது வேறு.

மண்ணே இல்லாமலா, என்றாள் எதிர்வீட்டுக் கோகிலவாணி,
ஏதோ நம் எல்லோரையும் பற்றிக் கேட்பதுபோல
குரலைத் தாழ்த்தி.
எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.
வேருக்குக் காற்று வேண்டும்.
தண்ணீரில் காற்று இருந்தால் வாழும்,
இல்லாவிட்டால் அழுகும்.

அதற்குத்தான் பம்பு. நாற்பத்திரண்டு ரிங்கிட்.
இரவும் பகலும் ஓட வேண்டும்.

புவனேந்திரன் இரண்டு வாரத்துக்கென்று வந்தவன்.
கூலிமில் அவன் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.
இது ஐந்தாவது மாதம்.
என் சோபா தம்பியின் நீளத்துக்குப் போதாது.
அவன் ஒன்றும் கேட்கமாட்டான். நானும்.
சோற்றை மூடிவைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவேன்;
காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஒரு வாரமாகவே இலைகள் துவண்டன.
மீட்டரைச் சந்தேகித்தேன்.
உரம் விற்ற பையனைச் சந்தேகித்தேன்.
வெயிலுக்காக, உறையவைத்த பாட்டிலைப் பெட்டிக்குள் மிதக்கவிட்டேன்.

வியாழக்கிழமை ஏழரைக்குக் கதவைத் திறந்தால்
வீடு அமைதி.
கீழே பஸ் பிரேக் போடுவது
பதினான்காம் மாடிக்குக் கேட்கும் அமைதி.

"சத்தம் தாங்கலக்கா. ராத்திரில பிடுங்கிடுவேன்.
நீ வர்றதுக்கு முன்ன போட்டுடுவேன்.
இன்னிக்கு அசந்துட்டேன்."

மூடியைத் தூக்கினேன்.
வெள்ளை நூலாய் இருந்ததெல்லாம்
தேயிலைச் சக்கை நிறத்தில் வழுக்கியது.
கானாங்கெளுத்தியை மிஞ்சிய வாடை.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் பெட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போயிருந்தான்.
ஈரத்தரையில் உட்கார்ந்து
ஒரு தண்டை விளக்குக்கு நேரே பிடித்து
எது உயிர், எது இல்லை என்று
வெகுநேரம் பார்த்தான்.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தேன்.
வழவழப்பை எல்லாம் வெட்டு, வெள்ளை தெரியும்வரை.
வெட்டினான்.
நான் பெட்டியைத் தேய்த்தேன்.
நான்கு போயிற்று. அதில் ஒரு வெற்றிலையும்.

"வேர் வர்ற வரைக்கும் வெறும் தண்ணி போதும்.
வந்தப்புறம் போதாது."
புதினாவைப் பற்றித்தான் சொன்னேன்.
"தெரியும்க்கா" என்றான்,
தலை நிமிராமல்.

பம்புக்கு அடியில் அவனுடைய அறுந்த சிலிப்பரை வைத்தோம்.
பாதிச் சத்தம் குறைந்தது.
மீதிப் பாதிக்கு
அவன் காதில் பஞ்சு.

மறுநாள் மூன்று மணி இடைவேளை.
லாக்கரில் போனை எடுத்தால் ஒரு படம்:
தண்ணீரில் முங்கிய மீட்டர்,
ஐந்து புள்ளி ஒன்பது.
கீழே, "ஒரு துளி விடவா?"

கையுறையைக் கழற்றி
"பாதி" என்று அனுப்பினேன்.