எழுத்து நடுங்காத ஐஸ்

ஓசூரில் எங்கள் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
சிப்காட்டில், பெயின்ட் கம்பெனிக்குப் பின்னால்,
மோட்டார் சத்தம் கேட்கிற இடத்தில் திரும்ப வேண்டும்.

மூன்று நாள் உறையும் ஒரு கட்டி.
அடியிலிருந்து மேலே, அவசரமில்லாமல்,
காற்றையும் கசடையும் தலைக்குத் தள்ளிக்கொண்டே.
நான்காம் நாள் அந்தத் தலையை அறுத்து எறிவோம்.
மிச்சத்தின் அடியில் அன்றைய பேப்பரை விரித்து
வரன் விளம்பரம் வாசிப்பாள் ஷபானா.
'மணமகன் தேவை. ஒரே பெண். சொந்த வீடு.'
எழுத்து நடுங்கினால் கட்டி மீன் சந்தைக்கு.
நடுங்காவிட்டால் பெங்களூருக்கு.

அந்த ஊரின் பெரிய பார்களை எனக்கு நன்றாகத் தெரியும்.
ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை.

பதினேழாவது மாடியில் இருப்பது இரண்டங்குலச் சதுரம் கேட்கும்.
வெள்ளிக்கிழமை நானூறு, திங்கள் எண்பது.
தையல்கடை மாதிரி முகப்பு வைத்து
உள்ளே ஆளுயரக் கண்ணாடியைத் தள்ளினால் திறக்கிற ஒன்றுக்கு
உருண்டை: எலுமிச்சையைவிடப் பெரிது, சாத்துக்குடியைவிடச் சின்னது.
பழைய பங்களா ஒன்று, பியானோ உண்டாம்,
விரல் நீளத் துண்டு வாங்கும்;
நூலளவு தடித்தாலும் திருப்பி அனுப்பும்.
மழையடித்தால் எல்லாருக்கும் குறையும்.
பிப்ரவரியில் ரோஜா இதழை உள்ளே வைத்து உறைய வைக்கச் சொல்வார்கள்.
ரோஜா எங்கள் ஊர்ச் சரக்கு.
விமானம் ஏறாமல் கழிக்கப்பட்ட, காம்பு வளைந்தவை
பாகலூர் ரோட்டில் கூடைக்கணக்கில் கிடைக்கும்.

வேன் ஓட்டும் முனிமாரப்பன் பார்த்ததெல்லாம் பின்வாசல்.
சரக்கு லிப்ட், காலி பாட்டில் மூட்டை,
முட்டை ஓடு நிறைந்த வாளி.
"வெள்ளைக்கருவை அடிச்சு நுரை பண்றாங்கக்கா,
கிளாஸ் மேல ரெண்டு விரக்கடை நிக்குது."

நுரையா.
மழைக்கு மறுநாள் கெலவரப்பள்ளி மதகுக்குப் போய்ப் பார்க்கணும்.
தென்பெண்ணை பஞ்சு மெத்தை மாதிரி வரும்.
அந்த நகரம் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம்
ஆற்றில் இறங்கி இங்கே வந்து பொங்கும்.
பைக்கை நிறுத்திப் படம் எடுப்பார்கள்.
நாங்கள் ஆயிரத்து இருநூறு அடி துளைத்து
நான்கு தடவை வடிகட்டி
கண்ணாடியாக்கி அத்திப்பள்ளி வழியாகத் திருப்பி அனுப்புகிறோம்.
கணக்கு நேராகிறதா என்று முதலாளியைக் கேட்டால்
டீசல் விலையைச் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை பதினேழிலிருந்து ஒருவன் வந்தான்.
ரின்சுவாலா, மிசோரம் பையன்.
கன்னடம் அவனுக்கும் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை,
அதனால் நன்றாகப் பேசினோம்.
ஐஸ் பிறக்கிற இடத்தைப் பார்க்கணுமாம்.
பார்த்தான். தொட்டியைத் தட்டிக்கொடுத்தான்.
பிறகு பையிலிருந்து தகரக் குவளை, நீளக் கரண்டி,
சொட்டு மருந்து மாதிரி சின்னச் சின்னப் பாட்டில்கள் எடுத்து
ரம்பம் நின்ற மேசையில் கடை போட்டான்.

முனிமாரப்பனுக்கு ஒன்று. எனக்கு ஒன்று.
ஷபானாவுக்கு மது வேண்டாம் என்றதும்
இஞ்சி, நன்னாரி, போச்சம்பள்ளி மாங்காய்ச் சாறு.
அதே கிளாஸ், அதே நிதானம்;
ஆரஞ்சுத் தோலை முறுக்கி
அவள் குவளையின் விளிம்பிலும் ஒரு தடவை தேய்த்தான்.
"மேல இது என்ன விலை?" என்றான் முனிமாரப்பன்.
சொன்னான்.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான் முனிமாரப்பன்.

எனக்கு ருசி பிடிபடவில்லை.
புகை, வேர், அப்புறம் எங்கோ தேன்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது என் சதுரத்தை.
ஆறு வருஷமாக அறுத்து, எண்ணி, டப்பாவில் அடுக்குகிறவள்
அது வேலை செய்வதைப் பார்த்ததேயில்லை.
விரிசல் விடவில்லை. சத்தம் போடவில்லை.
மூலைகளை மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது.

குடித்து முடித்தும் பாதி இருந்தது.
மேலே இதை என்ன செய்வீர்கள் என்றேன்.
"சிங்க்ல கொட்டிடுவோம்."
அங்கிருந்து எங்கே போகும் என்று கேட்கவில்லை,
வழி எனக்குத் தெரியும்.

ஷபானா தன்னுடையதை எடுத்து
காலையில் விரித்த பேப்பர்மேல் வைத்தாள்.
மூலை மழுங்கிய கட்டியில் எழுத்து பெரிதாக வந்தது.
குனிந்து வாசித்தாள்.
"கடைசி வரி இருக்குக்கா, காலையில கண்ணுல படல.
'பெண் வேலையை விட மாட்டாள்'னு போட்டிருக்கு."