அருகிலுள்ள கிணறு

தெல்லிப்பழைக் கந்தோருக்கு இது நாலாம் தரம்.
போன கிழமை வரைபடத்தில் வடக்கு அம்புக்குறி இல்லையென்றார்கள்,
கீறிக்கொண்டு வந்திருக்கிறேன்.
இன்றைக்குச் சுற்றாடல் மேசையில் ஆளில்லை.
"மிஸ் ஃபீல்டுக்குப் போட்டா"
மின்விசிறிக்குக் கீழிருந்து ஒரு குரல்.

மடியில் கோப்பு.
உள்ளே சிவசோதி முதலாளி கேட்கும் எட்டுப் பரப்புச் சுண்ணக்கல்,
கிராம அலுவலரின் சிபாரிசு,
அளவையாளரின் முத்திரை,
தோண்டிய பிறகு குழியை நிரப்பித் தருவோமென்று
ஒரு சத்தியக்கடதாசி.
எதைக்கொண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.
கடல் ஒன்றரை மைலில் நிற்கிறது.

ஏழாம் பக்கத்தில் ஒரு கோடு:
அருகிலுள்ள கிணற்றின் தூரம், மீற்றரில்.

"இல்லையெண்டு எழுதும் தம்பி.
முப்பது வருசம் ஆமி நிண்ட காணி,
ஆர் அங்க கிணறு வச்சிருக்கிறான்?"

எழுதத்தான் இருந்தேன்.
பொய் அளக்கவும் ஒரு நாடா வேண்டுமே என்று
ஞாயிறு பின்னேரம் போனேன்.

நாயுண்ணிப் பற்றைக்குள்
கட்டு இடிந்து, வாய் மட்டும் மிச்சமாய்.
கல்லொன்று போட்டேன்.
சத்தம் சுணங்கி வந்தது,
ஆனால் வந்தது.

பற்றைக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டி ஒன்று நின்றது.
கயிறும் இரண்டு மஞ்சள் கானுமாய் ஒரு பெண்.
"கச்சேரியில இருந்தோ?"
இல்லையென்றேன். அது உண்மை.
"காணி விட்டாப்பிறகு நாலு நாள் இறைச்சம்.
மல்லாகத்தில இருக்கிற வீட்டுத் தண்ணி கரிக்குது,
தேத்தண்ணியில ஆடை படருது.
இதைக் குடிச்சுப் பாருங்கோ."

கானின் மூடியில் ஊற்றித் தந்தாள்.
குடித்தேன்.
படிவத்தில் ருசிக்கு நிரல் இல்லை.

நாடாவின் மறுமுனையை அவளே பிடித்தாள்,
எதற்கென்று கேளாமல்.
எனக்கு அதுதான் இன்னும் இறங்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மிஸ் வந்தா,
சப்பாத்தெல்லாம் செம்மண்.
இருக்க முதலே தாள்களைப் புரட்டினா.
"ஏழாம் பக்கம் வெறுமையா கிடக்கு."

பேனையை அவவிடமே வாங்கினேன்.
நாலு போட்டு, பக்கத்தில் ஒன்று.

"வடிவா எழுதுங்கோ" என்றா,
"பதினாலோ நாற்பத்தொண்டோ எண்டு
கொழும்பு திருப்பி அனுப்பும்."

திரும்ப எழுதினேன், எழுத்திலும்.
சட்டைப்பையில் முதலாளி
மூன்றாம் தரமாக அதிர்கிறார்.
மை காயட்டுமென்று
கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன்.